அப்பாவின் மடிக்கணினியில் பயர்பாக்ஸ்: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் வீட்டுக் கூடத்து மேசையில் இருக்கும் மடிக்கணினி நால்வருக்கும் பொது. அப்பா அதில் மின்கட்டணம் கட்டுவார், நாளிதழ் படிப்பார். அம்மா சமையல் குறிப்புப் பார்ப்பார். ஊருக்குப் போகும் நாட்களில் நானும் தங்கையும் அலுவலக வேலையை அதில் முடித்துக்கொள்வோம். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், வத்தக்குழம்புக்குப் புளியின் அளவு பார்க்க அம்மா ஒரு சமையல் தளத்தைத் திறந்தபோது, குறிப்புக்கு இரு பக்கமும் சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற செருப்பும், காலில் ஆறாத புண்ணுக்குப் போடும் கட்டுத்துணியும் விளம்பரமாக வந்து நின்றன. பக்கத்தைக் கீழே தள்ளினால் அங்கும் அதே செருப்பு. அம்மா அதைப் பார்த்தார். பிறகு, ஒரு வாரமாக வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு நடந்த அப்பாவின் காலைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் அவர் இரவில் தேடிப் படித்த புண்ணை வீட்டுக்குச் சொன்னது அந்த விளம்பரந்தான்.

புண் சிறியது, மருத்துவரிடம் காட்டி ஆறியும்விட்டது. நல்லதுதானே நடந்தது என்று தங்கை கேட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தம் உடம்பைப் பற்றி அப்பா தாமே, தமக்குத் தோன்றிய நேரத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, முன்பின் தெரியாத ஒரு நிறுவனம் காசு கொடுத்து வாங்கி அம்மாவின் முன் வைத்துவிட்டது. கடைக்காரர் விற்கும்போதே போட்டுக் கொடுத்திருந்த உலாவியை அந்த வாரமே ஒதுக்கிவிட்டுப் பயர்பாக்ஸை நிறுவினேன். அதன்மேல், விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியையும், அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரலையும், சேர்த்தேன். என் கைப்பேசியிலும் அன்று முதல் இந்த இணைதான். இரண்டுமே இலவசம். ஓராண்டுக்கு மேல் நாள்தோறும் பயன்படுத்திய பிறகு எழுதும் மதிப்புரை இது.

செருப்பு வத்தக்குழம்புக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த உலாவியின் நிறைகுறைகளைச் சொல்ல முடியாது. ஒரு தளத்தைத் திறந்தால் அந்தத் தளம் மட்டுமே நம்மோடு பேசுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்தப் பக்கத்துக்குள் விளம்பர நிறுவனங்களின் நிரல்துண்டுகள், பார்வையாளரைக் கணக்கெடுக்கும் நிறுவனங்களின் நிரல்துண்டுகள், சமூக வலைத்தளங்களின் பொத்தான்கள் என்று வெளியாட்களின் சரக்குப் பல இறங்குகிறது. ஒவ்வொருவரும் நம் உலாவிக்குள் ஒரு குக்கியை, அதாவது ஓர் அடையாள எண் எழுதிய சிறு குறிப்பை, வைத்துவிட்டுப் போகிறார்கள். மருந்துக்கடைத் தளத்தில் எண் கொடுத்த அதே நிறுவனத்தின் நிரல் சமையல் தளத்திலும் இருந்தால், அது தன் எண்ணைப் படித்து, இரவு புண்ணுக்கு மருந்து தேடிய உலாவிதான் இப்போது புளியின் அளவு பார்க்கிறது என்று தெரிந்துகொள்கிறது. பக்கம் முழுவதும் திரைக்கு வருவதற்குள், இந்த எண்ணுக்கு யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்று ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த ஏலத்தில் வென்றவர் ஒருவர்தான் என்றாலும், ஏலத்துக்கு அழைக்கப்பட்ட அத்தனை பேரும் நம்மைப் பற்றிய குறிப்பைப் பார்த்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் உறுத்துகிற இடம்.

குக்கியைக் கண்டுபிடித்தவர் இதற்காகக் கண்டுபிடிக்கவில்லை. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி அதை உருவாக்கியபோது, இணையக் கடையில் நாம் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குப் போகும்போது கடை மறந்துவிடாமல் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். 1997 பிப்ரவரியில் குக்கிக்கென்று வெளிவந்த முதல் தரநிலை ஆவணமே, நாம் திறக்காத வெளித்தளங்களின் குக்கிகளை உலாவி இயல்பாகவே மறுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தது. உலாவி செய்தவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயர்பாக்ஸை வெளியிடும் மோசில்லாவே 2013இல் அந்தக் குக்கிகளைத் தடுக்கப்போவதாக அறிவித்து, விளம்பரத் துறை எதிர்த்ததும் ஒத்திப்போட்ட நிறுவனம்தான். அது எல்லோருக்கும் இயல்பாகவே தடுப்பைக் கொடுத்தது 2019 செப்டம்பரில், 69ஆம் பதிப்பில். அதுவும், கண்காணிப்பாளர்கள் என்று ஒரு பட்டியலில் இருந்தவர்களின் குக்கிகளை மட்டுமே தடுத்தது.

பட்டியலை நம்பும் காவலுக்கு ஓர் ஓட்டை எப்போதும் உண்டு. பட்டியலில் இன்னும் ஏறாதவன் தாராளமாக உள்ளே வருவான். 2021 பிப்ரவரியில் 86ஆம் பதிப்பில், அமைப்புகளில் கடுமையான நிலை என்பதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் அறிமுகமாகி, 2022 ஜூனில் எல்லோருக்கும் இயல்பாக வழங்கப்படத் தொடங்கிய முழுமைக் குக்கிப் பாதுகாப்பு வேறு வழியில் போகிறது. தெருவிலுள்ள மளிகைக்கடை, மருந்துக்கடை, துணிக்கடை மூன்றிலும் ஒரே கணக்குப்பிள்ளை உட்கார்ந்து, ஒரே நோட்டில் நம் பற்றை எழுதி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். பயர்பாக்ஸ் அவனை விரட்டுவதில்லை. கடைக்கொரு நோட்டைக் கொடுத்து, ஒரு கடையின் நோட்டை இன்னொரு கடைக்குக் கொண்டுபோக விடாமல் செய்கிறது. மருந்துக்கடையில் நமக்கு அவன் கொடுத்த எண் ஒன்று, மளிகைக்கடையில் கொடுத்த எண் வேறொன்று. இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டை வைத்து அவனால் சொல்ல முடியாது. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லாத இந்த ஏற்பாட்டைப் பயர்பாக்ஸின் மிகச் சிறந்த செயல் என்று நான் மதிக்கிறேன். அதற்கு நாம் எந்தப் பொத்தானையும் அழுத்தவேண்டியதில்லை.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. பயர்பாக்ஸை நிறுவியவுடன் கிடைப்பது இயல்பு நிலை. அந்த நிலையில், பட்டியலில் உள்ள கண்காணிப்பு நிரல்கள் தனிப்பட்ட சாளரங்களில், அதாவது உலாவிய தடத்தைக் கணினியில் விட்டுவைக்காத சாளரங்களில், மட்டுமே அடியோடு தடுக்கப்படுகின்றன. சாதாரணச் சாளரத்தில் அந்த நிரல்கள் வழக்கம்போல் இறங்கி ஓடுகின்றன, குக்கிதான் பிரித்து வைக்கப்படுகிறது. நோட்டு வேறாக இருந்தாலும் கணக்குப்பிள்ளை அதே ஆள்தானே; நம் முகத்தை அவன் நினைவில் வைத்துக்கொள்ள முடியும். எனவே அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் கடுமையான நிலையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மோசில்லா இதை இயல்பாகவே கொடுக்காததற்குக் காரணம் சில தளங்கள் உடைந்துபோகும் என்ற அச்சம். அது நியாயமான அச்சந்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கடுமையான நிலையில் கிடைக்கும் இன்னொரு வசதியைப் பலர் அறியார். முகநூலிலிருந்து ஓர் இணைப்பைச் சொடுக்கினால், சேரும் இடத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் அதைத் தொடர்ந்து பொருளற்ற நீண்ட எழுத்துக்கோவையும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சொடுக்கலிலிருந்து வந்தவர் என்று சேருமிடத்துக்குக் காட்டிக்கொடுக்கும் வால் அது. 2022இல் வந்த 102ஆம் பதிப்பு முதல் கடுமையான நிலை இப்படிப்பட்ட தெரிந்த வால்களை வெட்டிவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதற்காக ஓர் இணைப்பைப் படியெடுக்கும்போதும், வலச்சொடுக்குப் பட்டியலில் வாலின்றிப் படியெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. சின்ன விஷயந்தான், எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி யூபிளாக் ஆரிஜின். உண்மையைச் சொன்னால் இந்த இணையில் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது இதுதான். ரேமண்ட் ஹில் என்ற நிரலாளர் 2014இல் தொடங்கி இன்றுவரை பராமரித்து வரும் இந்த நீட்சிக்குப் பின்னால் நிறுவனம் இல்லை. அவர் நன்கொடையும் வாங்குவதில்லை; கொடுக்க விரும்பினால் தடுப்புப் பட்டியல்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிடுகிறார். காசு வாங்கிக்கொண்டு சில விளம்பரங்களை மட்டும் உள்ளே விடும் தடுப்பான்களும் உலகத்தில் உள்ளபோது, இந்த ஒன்றின் கணக்கில் அப்படி எதுவும் இல்லை என்பதை நம்பிக்கைக்கு முதல் காரணமாகச் சொல்லவேண்டும்.

நிறுவிய அன்று அம்மாவின் சமையல் தளத்தை மறுபடி திறந்து பார்த்தேன். கருவிப்பட்டையில் உள்ள சிவப்புக் கேடயத்தின் மேல் ஓர் எண் ஏறிக்கொண்டே போனது. பக்கம் நின்ற பிறகும், சும்மா விட்டு வைத்திருந்தாலும், சில விநாடிக்கொரு முறை ஒன்றிரண்டு கூடியது. ஒரு வத்தக்குழம்புக் குறிப்பு, மேசைமேல் யாரும் தொடாமல் கிடக்கும்போதும், வெளியே யார் யாரையோ அழைத்துக்கொண்டே இருந்தது. கேடயத்தைச் சொடுக்கி விவரத்தை விரித்தால், அந்தப் பக்கம் தொடர்புகொள்ள முயன்ற தளங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் எனக்குத் தெரிந்த பெயர் கூகுள், முகநூல் என்று ஓரிரண்டுதான். மற்றவை எந்த நாட்டில் எந்த ஊரில் இருக்கின்றன என்றே தெரியாதவை. நீட்சி ஒரு வாரம் ஓடியபின் என்னைவிட அம்மாதான் முதலில் பலனைச் சொன்னார்: புளி, மிளகாய், எண்ணெய் எல்லாம் ஒரே திரையில் தெரிகிறதாம், கரண்டியும் கையுமாகக் கீழே கீழே தள்ளவேண்டியதில்லையாம்.

தமிழில் படிப்பவர்கள் இதில் ஒன்றைக் கட்டாயம் சரிபார்க்கவேண்டும். நீட்சியின் அமைப்புகளில் தடுப்புப் பட்டியல்கள் என்ற பகுதியைத் திறந்து கீழே போனால் வட்டாரப் பட்டியல்கள் இருக்கும். அவற்றுள் இந்தியன்லிஸ்ட் என்பது இந்தியா, இலங்கை, நேபாளத் தளங்களுக்கானது. தமிழ், சிங்களம் உட்படப் பல மொழித் தளங்களின் விளம்பரங்களுக்கான விதிகள் அதில் உள்ளன. உலாவியை ஆங்கில இடைமுகத்தில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பெட்டி குறியிடப்படாமலேயே இருக்கக்கூடும். அதைக் குறியிடாமல் தமிழ்ச் செய்தித் தளங்களைப் பார்த்துவிட்டு, நீட்சி வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்ட இரண்டு நண்பர்களை எனக்குத் தெரியும். அப்படியும் தப்பி வருகிற, திரையை மறைத்துக்கொண்டு சந்தா கேட்கிற பெட்டிகளுக்கு, கேடயத்துக்குள் உள்ள மின்னல் சின்னத்தைச் சொடுக்கி, பிறகு அந்தப் பெட்டியைச் சொடுக்கினால் போதும், மறைந்துவிடும். கொசு மட்டையால் அடித்தது போன்ற ஒரு நிறைவு அதில் உண்டு.

இந்த நீட்சிக்காகப் பயர்பாக்ஸுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இனிக் கூடத்தான் செய்யும் என்று நினைக்கிறேன். குரோம் உலாவியில் நீட்சிகளுக்கான விதிமுறையைக் கூகுள் மாற்றியது. பழைய முறையில், பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் அனுப்புவதா மறுப்பதா என்று அந்தந்தக் கணத்தில் நீட்சியே பார்த்து முடிவு செய்யலாம். புதிய முறையில், மறுக்கவேண்டியவற்றின் விதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடவேண்டும். வாசலில் நிற்பது உலாவிதான், நீட்சி அல்ல. பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும் என்று கூகுள் காரணம் சொல்கிறது. கெட்ட நோக்கமுள்ள நீட்சிகள் நாம் பார்ப்பதையெல்லாம் படிக்க முடிந்தது என்பது உண்மையாதலால் அந்தக் காரணத்தை முழுக்கப் புறந்தள்ள மாட்டேன். ஆயினும் 2025 நடுவில் பழைய முறை குரோமில் முற்றாக நின்றபோது, யூபிளாக் ஆரிஜினும் அங்கே நின்றுபோயிற்று. அதன் இளைத்த வடிவமான யூபிளாக் ஆரிஜின் லைட் குரோமில் கிடைக்கிறது. சாதாரண வாசகர் ஒருவருக்கு அது பெருமளவு போதும் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பயர்பாக்ஸில் இரண்டு முறைகளுக்கும் இடம் உண்டு. அதனால், வெளியாளின் வழங்கியைத் தளத்தின் சொந்தப் பெயர்போல வேடம் போட்டுக் கொண்டுவரும் தந்திரத்தையும் நீட்சியால் இங்கே பிடிக்க முடிகிறது. முகவரிக்குப் பின்னால் உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறியும் வசதியை நீட்சிகளுக்குப் பயர்பாக்ஸ் தருகிறது, குரோம் தருவதில்லை.

குரோமைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதன் குக்கிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளித்தளக் குக்கிகளை இரண்டாண்டில் ஒழித்துவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு 2023 என்றது, பிறகு 2024, பிறகு 2025. 2024 ஜூலையில் ஒழிக்கப் போவதில்லை, பயனரிடமே கேட்போம் என்றது. 2025 ஏப்ரலில் அப்படித் தனியாகக் கேட்கவும் போவதில்லை என்று முடித்துக்கொண்டது. விளம்பரத்தால் வாழும் நிறுவனம் செய்த உலாவியிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆப்பிளின் உலாவியான சஃபாரி 2020 மார்ச்சிலேயே அந்தக் குக்கிகளை முழுக்கத் தடுத்துவிட்டது என்பதை இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

கைப்பேசிக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸ் இந்த இணைக்கு ஏற்ற இடம். 2023 டிசம்பரில் நூற்றுக்கணக்கான நீட்சிகளுக்கு அங்கே வழி திறக்கப்பட்டது, யூபிளாக் ஆரிஜின் அதற்கு முன்பிருந்தே இருந்தது. ஐபோனில் நிலைமை வேறு. அங்கே பயர்பாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பதும் உள்ளே ஆப்பிளின் எஞ்சினால் ஓடுவதுதான். இந்த நீட்சியை அதில் சேர்க்க முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் சஃபாரியோடு இருந்துவிடுவதே மேல் என்று சொல்வேன்.

இதுவரை சொன்னவை குக்கியும் நிரலும். மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதற்குக் கைரேகை எடுத்தல் என்று பெயர். நம் திரையின் அளவு, கணினியின் எழுத்துருக்கள், நேர மண்டலம், உலாவியின் மொழி, ஒரு படத்தை நம் கணினி வரைந்து காட்டும் விதத்திலுள்ள நுண்ணிய வேறுபாடு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், எண் எதுவும் எழுதி வைக்காமலேயே இன்ன உலாவி என்று அடையாளம் சொல்ல முடியும். அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010இல் ஏறத்தாழ 4,70,000 உலாவிகளை வைத்துச் செய்த ஆய்வில், 83.6 விழுக்காடு உலாவிகள் தமக்கு நிகர் இன்னொன்று இல்லாதவையாக இருந்தன. அந்த ஆய்வு நடந்த சோதனைப் பக்கம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறது. யார் வேண்டுமானாலும் தம் உலாவியைச் சோதித்துக்கொள்ளலாம்.

நானும் சோதித்தேன், ஒரு கசப்பான செய்தி கிடைத்தது. என் பயர்பாக்ஸின் இடைமுகம் தமிழில் இருக்கிறது. தன்னார்வலர்கள் மெனக்கெட்டுச் செய்த மொழிபெயர்ப்பு அது. பெருமையோடு பயன்படுத்தி வந்தேன். தமிழ் இடைமுகம் வைத்திருந்தால், திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் உலாவி, இவருக்கு முதல் விருப்பம் தமிழ், அடுத்தது ஆங்கிலம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறது. உலகத்தில் கணினியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? சோதனைப் பக்கத்தில் என் உலாவியை மிகவும் தனித்துக் காட்டிய கூறுகளில் மொழி முன்வரிசையில் நின்றது. பழைய ஆவணங்களுக்காக நான் நிறுவி வைத்திருந்த யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருக்களும் அப்படித்தான். கூட்டத்தில் கரைந்து நிற்பதுதான் கைரேகைக்கு மருந்து என்றால், தாய்மொழியில் கணினி வைத்திருப்பவன் அந்தக் கூட்டத்தில் தலைப்பாகையோடு நிற்கிறான்.

பயர்பாக்ஸ் இதற்கு என்ன செய்கிறது? கைரேகை எடுப்பவை என்று அறியப்பட்ட நிரல்களை 2020 ஜனவரியில் வந்த 72ஆம் பதிப்பிலிருந்தே தடுக்கிறது. 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பு முதல், தனிப்பட்ட சாளரங்களில், படம் வரையவைத்துப் பார்க்கும் சோதனைக்குச் சற்றே கலங்கிய விடையைக் கொடுக்கிறது. இதற்கும் மேலே, அமைப்புகளின் ஆழத்தில், ஆளை அடையாளம் காட்டாமல் உலாவ உதவும் டோர் உலாவிக்காரர்களின் வேலையிலிருந்து வந்த ஒரு கடும் தடுப்பு இருக்கிறது. அதை இயக்கினால், ஆங்கிலப் பக்கங்களையே கேட்கட்டுமா என்று உலாவி நம்மை வினவும். நேர மண்டலத்தையும் மறைத்துவிடும். ஒரு வாரம் அதோடு இருந்து பார்த்தேன். காலை 10 மணிக்கு வந்த மின்னஞ்சல் 4.30க்கு வந்ததாகக் காட்டியது. நம் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் இடையே ஐந்தரை மணி நேரம். கூட்டத்துக்குத் தாமதமாகப் போவதைவிட அடையாளம் தெரிவது மேல் என்று அணைத்துவிட்டேன். இடைமுகத்தைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, தளங்களுக்குச் சொல்லும் மொழி விருப்பத்தில் மட்டும் தமிழை எடுத்துவிடலாம்; அமைப்புகளில் மொழிப் பகுதியில் அதற்கு இடமிருக்கிறது. சில நாள் அப்படிச் செய்து பார்த்தேன். தமிழை ஒளித்து வைப்பதற்கு மனம் வரவில்லை, திரும்பச் சேர்த்துவிட்டேன். இது தொழில்நுட்ப முடிவு அல்ல, ஒப்புக்கொள்கிறேன்.

உடைந்துபோகும் தளங்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஓராண்டில் எங்கள் வீட்டில் மூன்று முறை தொல்லை வந்தது. ஒரு வங்கியின் பணம் செலுத்தும் பக்கம் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு, ஒருமுறைக் கடவெண் கேட்கவேண்டிய இடத்தில் வெள்ளைத்தாளாக நின்றுவிட்டது. அப்பா தொலைபேசியில் அழைத்தார், முகவரிப் பட்டையின் இடப்பக்கத்தில் உள்ள கேடயத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை அணைக்கச் சொன்னேன், கட்டணம் போய்ச் சேர்ந்தது. ஒரு கடையின் தளத்தில் கூடை காலியாகவே இருந்தது. அதற்குக் காரணம் நீட்சி. மூன்றாவது, ஓர் அரசுத் துறையின் விண்ணப்பப் பக்கம்: பயர்பாக்ஸ் என்று தெரிந்ததுமே வேறு உலாவியில் வரச்சொல்லித் திருப்பி அனுப்பியது. அந்த ஒரு வேலைக்காகப் பழைய உலாவியை நீக்காமல் வைத்திருக்கிறேன். உலாவியில் ஒரு கேடயம், நீட்சியில் ஒரு கேடயம் என்று இரண்டு இருப்பதால் எதை அணைப்பது என்று வயதானவர்களுக்குக் குழப்பம் வரும். அப்பாவுக்கு முகவரிக்குப் பக்கத்தில் இருப்பது முதலில், சிவப்பாக இருப்பது அடுத்தது என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டேன்.

மோசில்லாவைப் பற்றிச் சில கடும் சொற்களையும் சொல்லியாகவேண்டும். 2024 ஜூலையில் வந்த 128ஆம் பதிப்பில், விளம்பரம் பார்த்தவர் பொருளை வாங்கினாரா என்பதை விளம்பரதாரர்களுக்குத் தொகுத்துச் சொல்லும் ஒரு சோதனை வசதியை, கேட்காமலேயே இயக்கி வைத்து அனுப்பினார்கள். தனிமனிதரை அடையாளம் காட்டாத முறையில் செய்ததாக அவர்கள் விளக்கினாலும், கேட்காமல் செய்தது ஏன் என்ற கேள்விக்கு அது விடையாகாது. ஆஸ்திரியாவிலுள்ள நோய்ப் என்ற தனியுரிமை அமைப்பு அந்த செப்டம்பரில் புகார் கொடுத்தது. 2025 பிப்ரவரி இறுதியில் பயர்பாக்ஸுக்குப் பயன்பாட்டு விதிமுறைகளை முதன்முறையாக வெளியிட்டு, நாம் உள்ளிடும் தகவல்மேல் அகலமான உரிமை கேட்பதுபோன்ற வாசகத்தை அதில் எழுதி, தகவலை விற்கமாட்டோம் என்ற பழைய உறுதிமொழியையும் கேள்வி பதில் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கூச்சல் எழுந்த பிறகு வாசகத்தைத் திருத்தினார்கள். உறுதிமொழி பழைய வடிவில் திரும்பவில்லை.

அடிப்படைச் சிக்கல் பணத்தில் இருக்கிறது. கூகுள்மேல் அமெரிக்க அரசு தொடுத்த தேடல் ஏகபோக வழக்கில், 2025 மே மாதம் மோசில்லாவின் நிதித் தலைவரே சாட்சி சொன்னார்: நிறுவனத்தின் வருவாயில் ஏறத்தாழ 90 விழுக்காடு பயர்பாக்ஸிலிருந்து வருகிறது, அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு கூகுளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்கான கூலி அது. கூகுளின் கண்காணிப்பைத் தடுக்கும் உலாவி கூகுளின் சோற்றைத் தின்கிறது என்பதை அறிந்துதான் இதைப் பயன்படுத்தவேண்டும். நான் நிறுவியவுடன் செய்யும் முதல் வேலை தேடுபொறியை டக்டக்கோவுக்கு மாற்றுவதும், தொழில்நுட்பத் தகவல் அனுப்புவதை அணைப்பதும்தான். தமிழில் தேடும்போது டக்டக்கோ எனக்குத் தரும் விடைகள் கூகுள் தருவனவற்றின் அருகில் வருவதில்லை என்பதால், பழைய இலக்கியச் சொல் தேடும் நாட்களில் கூகுளிடமே போகிறேன்.

பிரேவ் உலாவியைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. நிறுவியவுடனேயே விளம்பரத்தைத் தடுப்பதில் அது பயர்பாக்ஸைவிட முந்தி நிற்கிறது, எதையும் சேர்க்கவேண்டியதில்லை. ஆனால் 2020இல் மறையீட்டு நாணயச் சந்தையின் முகவரியைப் பயனர் தட்டும்போது தனக்குத் தரகு கிடைக்கும் வாலை அந்த உலாவி தானே சேர்த்தது வெளியாயிற்று. மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள் என்றாலும், வாலை வெட்டவேண்டியவனே வால் ஒட்டியதை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

எந்த உலாவியாலும் ஆகாத காரியங்களும் உள்ளன. ஒரு தளத்தில் நம் பெயரில் நுழைந்துவிட்டால் அந்தத் தளம் நம்மை அறியும். குக்கிப் பிரிப்பு அங்கே செல்லாது. கைப்பேசிச் செயலிகள் உலாவிக்கு வெளியே இருப்பவை. அவற்றின் கண்காணிப்பை இந்த இணை தொடவே தொடாது. தனிப்பட்ட சாளரம் என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று எண்ணுவதும் தவறு. குரோமின் மறைநிலைச் சாளரத்தில் உலாவியவர்களின் தகவலும் திரட்டப்பட்டது என்று 2020இல் தொடுத்த வழக்கில், 2024இல் ஏற்பட்ட சமரசத்தின்படி கூகுள் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க ஒப்புக்கொண்டது. தனிப்பட்ட சாளரம் மறைப்பது அதே கணினியில் அடுத்து உட்காரும் ஆளிடமிருந்துதான்.

எங்கள் வீட்டுக்கு வேண்டியிருந்ததும் அதுவே. அப்பாவுக்கு அதைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். இதில் தேடினால் அம்மாவுக்குத் தெரியாதா என்று கேட்டார்; அம்மா அடுப்படியிலிருந்து, எனக்குத் தெரியாமல் அப்படி என்ன தேடப்போகிறார் என்று கேட்டார். போன மாதம் ஊருக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தபோது, ஊதா நிற முகமூடிச் சின்னத்தோடு ஒரு சாளரம் மூடப்படாமல் கிடந்தது. உள்ளே என்ன என்று பார்க்காமல் மூடினேன்.